பூட்டு சாவிக்கு ஒரு ஓட்டு

ரேச்சல்: இல்ல... அவங்க சிரிச்சது ஒங்களுக்குக் கேக்கலையா?

தேவநேசன்: கேட்டுச்சு.

ரேச்சல்: கேட்டும் பேசாமத்தான நின்னீங்க.

தேவநேசன்: ஓட்டு எண்ணுற எடத்துல என்னத்தப் பேசச் சொல்ற... ஜெயிச்சவன் சிரிக்கறான். அந்த ஷட்டரை எறக்கி விடு, சாரல் அடிக்குது.

ரேச்சல்: எறங்க மாட்டேங்குது. தேவாலா போற பஸ்ஸுக்குன்னே இப்படி ஒன்னத் தேடிப் புடிப்பாங்க போல. நீங்க இந்தப் பக்கம் வாங்க, நான் நனையறேன்.

தேவநேசன்: இருக்கட்டும்.

ரேச்சல்: வார்டு மெம்பருக்கு நின்னதே மூணு பேரு. அந்த ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் நூத்துக்கணக்குல விழுந்திருக்கு. ஒங்களுக்கு...

தேவநேசன்: ஒன்னு. சொல்லேன். ஏன் வாயில வரலையா?

ரேச்சல்: அந்த ஏஜெண்டு பையன் சொன்னானே... "அண்ணன் ஓட்ட அண்ணன் போட்டுக்கிட்டாரு, அண்ணி கூடவா போடல"ன்னு...

தேவநேசன்: அவன் கெடக்கான்.

ரேச்சல்: நீங்க என்ன ஏதுன்னு என்கிட்ட கேக்கவே இல்லையே.

தேவநேசன்: ஒன்கிட்ட என்னத்தக் கேக்கறது? ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?

ரேச்சல்: ...தெரிஞ்சா சரி.

தேவநேசன்: அந்த ஒரு ஓட்டுதான் ரேச்சலு மனசப் போட்டு அறுக்குது.

ரேச்சல்: ஒன்னாவது விழுந்துச்சேன்னு நெனச்சுக்கோங்க.

தேவநேசன்: அதுவும் விழாம இருந்திருக்கலாம்.

ரேச்சல்: என்ன பேச்சு இது...

தேவநேசன்: ஒன்னுமில்ல. யாரோ ஏறுறாங்க பாரு. நம்ம இசக்கியம்மா அக்கா மாதிரி இருக்கு.

ரேச்சல்: அவங்களேதான். அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, பாக்காத மாதிரி...

இசக்கியம்மா: யாரு, தேவநேசனா? கொஞ்சம் தள்ளு ரேச்சலு. ரெண்டு மணி நேரமா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு காலு மரத்துப் போச்சு.

ரேச்சல்: வாங்கக்கா. ஒடம்புக்கு என்ன?

இசக்கியம்மா: கண்ணுதான். பொர விழுந்திருக்காம். சொட்டு மருந்து குடுத்து, அடுத்த மாசம் வான்னு அனுப்பிட்டான். இது என்ன, காதுல கம்மல் மின்னுது? அடகுல இருக்குன்னு அழுதியே.

ரேச்சல்: கவரிங்குக்கா. ஓட்டு எண்ணுற எடத்துக்கு மூளிக் காதோட போக வேணாம்னு...

இசக்கியம்மா: பாத்தா தங்கம் மாதிரியே இருக்கு. என் கண்ணு லட்சணம் அப்படி. தம்பி, நீ சொல்லு. இன்னைக்குத்தான எண்ணுறாங்க? நம்ம லயத்து வீடுங்க ஓட்டு பூரா ஒனக்குத்தான விழுந்திருக்கும்?

தேவநேசன்: தோத்துட்டேன்க்கா.

இசக்கியம்மா: ...அட போப்பா. வெளையாடாத.

ரேச்சல்: வெளையாட்டு இல்லக்கா.

இசக்கியம்மா: எல்லாரும் பூட்டு சாவிக்குத்தான்னு சொன்னாளுகளே. தண்ணிக் குழாய்கிட்ட அதான பேச்சு. பூட்டிக் கெடக்குற டீ ஃபேக்டரிக்குப் பூட்டு சாவி சின்னம் பொருத்தமாத்தான் கெடச்சிருக்குன்னு...

தேவநேசன்: பேசுவாங்க. பேச்சுக்கு யாரு காசு கேக்கறா?

இசக்கியம்மா: காசா... காசு எனக்கும் வந்துச்சு. ரெண்டு கட்சிக்காரனும் குடுத்தான். அதுல ஒருத்தன் ஒரு சேலையும் குடுத்தான். வாங்கிட்டேன்.

ரேச்சல்: வாங்கிட்டீங்களா?

இசக்கியம்மா: ஒம் புருசன்தான சொன்னாரு. எஸ்டேட் தொரை ரெண்டு கட்சிக்கும் நிதி குடுத்திருக்காரு, அது நம்ம சம்பளத்த நிறுத்தி எடுத்த காசு. நம்ம காச நமக்கே பிச்சை போடுறான், வாங்கிக்கோங்க, ஓட்ட மட்டும் குடுக்காதீங்கன்னு. நீ சொன்னியா இல்லையா தம்பி?

தேவநேசன்: சொன்னேன்.

இசக்கியம்மா: நான் அப்படியே செஞ்சேன். சேலை கூட நல்ல சேலைதான்.

தேவநேசன்: சரிக்கா, விடு.

இசக்கியம்மா: கடைசி ஒரு வாரம் ஒன்னக் காணோம். காய்ச்சல்னு ரேச்சலு சொன்னா. எனக்கு ஒரே பயம். சின்னத்த எவன் வந்து காட்டுவான், கண்ணு வேற மங்கலா இருக்குதேன்னு. நோட்டீச எடுத்து செவுத்துல ஒட்டி வெச்சு தெனமும் பாத்துக்கிட்டேன். சீட்டுல சாவி குச்சி மாதிரி இத்துணூண்டு. மூஞ்சிக்கிட்ட வெச்சுப் பாத்து குத்துனேன். அங்க இருந்த ஆபீசரு கூட, என்னம்மா தூங்கிட்டியான்னு கேட்டாரு.

தேவநேசன்: அக்கா... காலைல இருந்து பாக்கறவங்கெல்லாம் இதத்தான் சொல்றாங்க.

இசக்கியம்மா: எத?

தேவநேசன்: ஒனக்குத்தான் போட்டேன், ஒனக்குத்தான் போட்டேன்னு. டீக்கடைக்காரரு சொன்னாரு. மேட்டு லயத்துக்காரங்க வரிசையா சொன்னாங்க. சொன்னவங்க பாதி பேரு போட்டிருந்தாக் கூட இந்நேரம் என் கழுத்துல மாலை கெடந்திருக்கும்.

இசக்கியம்மா: மத்தவளுக கத எனக்குத் தெரியாது தம்பி. நான் போட்டேன்.

ரேச்சல்: விடுங்கக்கா. அவரே நொந்து போயிருக்காரு. ஆறுதலுக்குக் கூட பொய் வேணாம்.

இசக்கியம்மா: பொய்யா? ஏன்... எத்தன விழுந்துச்சு?

தேவநேசன்: ஒன்னு.

இசக்கியம்மா: ஒன்னுன்னா... நூத்தியொன்னா?

தேவநேசன்: ஒன்னே ஒன்னு. மொத்த வார்டுக்கும்.

இசக்கியம்மா: ...நல்லாக் கேட்டியா தம்பி? ரெண்டு மூணு இருக்குமே. கொறஞ்சது மூணாச்சும் இருக்கணுமே.

ரேச்சல்: திருப்பித் திருப்பி எண்ணிட்டாங்கக்கா. ஒன்னுதான்.

தேவநேசன்: அந்த ஒன்னு யாரோடதுன்னும் எனக்குத் தெரியும். அதனால நீ மெனக்கெட வேணாம்.

இசக்கியம்மா: ஒனக்குத் தெரியுமா?

தேவநேசன்: தெரியும்.

இசக்கியம்மா: ரேச்சலு... ஒனக்கு?

ரேச்சல்: என்னக்கா கேள்வி இது... அவரு ஓட்டு அவருக்கு விழுந்திருக்கு. ஊரே அதச் சொல்லித்தான சிரிக்குது.

இசக்கியம்மா: ...ம். அப்படியா சங்கதி.

தேவநேசன்: நாளைக்கு லேபர் ஆபீசுக்குப் போகணும்னு சொன்னியேக்கா. ஒன் கிராஜுவிட்டி விசயமா. நான் கூட வரேன்.

இசக்கியம்மா: வேணாம்பா. நானே போய்க்கறேன்.

தேவநேசன்: கோவமா?

இசக்கியம்மா: இல்ல. கோவப்பட்டு என்ன ஆகப் போகுது... டிரைவருக்குப் பின்னாடி ஒரு சீட்டு காலி ஆயிருக்கு. இங்க சாரல் அடிக்குது. நான் அங்க போய் உக்காந்துக்கறேன். பைய மட்டும் எடுத்துக் குடு ரேச்சலு.

ரேச்சல்: இந்தாங்க. பாத்துப் போங்க, வளைவு வருது.

தேவநேசன்: பொய் சொல்லி மாட்டிக்கிட்டதும் முகத்தப் பாரு, எப்படிச் சுருங்கிப் போச்சு.

ரேச்சல்: ஆமா... பாவம்தான்.

தேவநேசன்: என்ன பாவம்? சேலை வாங்குனவ சேலைக்கு வேல செஞ்சிருப்பா. அதச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?

ரேச்சல்: நாடுகாணி தாண்டிட்டோமா? ஒரே மூடுபனி, ஒன்னும் தெரியல.

தேவநேசன்: தாண்டியாச்சு. பனி விலகற எடத்துல பாரு, நம்ம தோட்டம். கொழுந்தெடுக்க ஆளில்லாம செடியெல்லாம் மரமா நிக்குது.

ரேச்சல்: இனி யாரு தொறக்கச் சொல்லிக் கேப்பா...

தேவநேசன்: ரேச்சலு, நான் ஒன்னு சொல்லணும். திட்டாதே.

ரேச்சல்: சொல்லுங்க.

தேவநேசன்: எனக்குக் காய்ச்சல் வரல.

ரேச்சல்: எப்ப?

தேவநேசன்: அந்த ஒரு வாரம். போத்திப் படுத்திருந்தேனே.

ரேச்சல்: கசாயம் வெச்சுக் குடுத்தேனே...

தேவநேசன்: குடிச்சேன். பேரை வாபஸ் வாங்குற தேதி முடிஞ்ச மறுநாள் எஸ்டேட் பெரிய கிளார்க்கு என்னத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாரு. உக்காரச் சொன்னாரு, காப்பி குடுத்தாரு. இத்தன வருசத்துல அவரு முன்னாடி நான் நாற்காலில உக்காந்ததே இல்ல.

ரேச்சல்: என்ன கேட்டாரு?

தேவநேசன்: இனி ஓட்டு கேட்டுப் போகாதேன்னாரு. ஃபேக்டரி தொறந்ததும் மொத ஆளா எனக்கு வாட்ச்மேன் வேலைன்னு தொரை சொல்லியிருக்காராம். ஆனா ஒரு கண்டிசன்... பூட்டு சாவிக்கு ஒரு ஓட்டு கூட விழக்கூடாது.

ரேச்சல்: ஒரு ஓட்டு கூடவா? ஏன்?

தேவநேசன்: சம்பளப் பாக்கின்னு யாராச்சும் லேபர் ஆபீசுக்குப் போனா எஸ்டேட்காரங்க அதக் காட்டணுமாம். ஒங்க தலைவனுக்கு அவனோட ஓட்டே இல்ல பாருங்கன்னு. பெரிய கட்சிக்காரங்க ரெண்டு பேரும் லயத்துல மத்த வீட்டயெல்லாம் பாத்துக்குவாங்க, நீ ஒன் வீட்ட மட்டும் பாத்துக்கன்னாரு.

ரேச்சல்: அப்ப நீங்க...

தேவநேசன்: ஜெயிச்சவனுக்குத்தான் குத்துனேன். பக்கத்துலயே பூட்டு சாவி இருந்துச்சு. ஆனாலும் குத்துனேன்.

ரேச்சல்: ஒங்களுக்கு... நீங்களே போட்டுக்கலையா?

தேவநேசன்: இல்ல. ஒன்கிட்டயும் போடாதேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. என்னப் பத்தி நீ வெச்சிருந்த மதிப்பு போயிருமேன்னு வெக்கமா இருந்துச்சு. அதான் அந்த ஒரு ஓட்டு... நீ போட்டது. ஒன்மேல கோவப்படவும் முடியல. வேல போச்சு. போனாப் போகுது. ஊரே வித்தப்போ என்னைய நம்பி நீ ஒருத்தி இருந்தியே, அது போதும் எனக்கு. அதச் சொல்லணும்னுதான்... ஏய், ஏன் அழற?

ரேச்சல்: மெதுவாப் பேசுங்க. முன்னாடி அந்த அக்கா இருக்காங்க.

தேவநேசன்: இருந்தா என்ன? அந்தப் பொய்க்காரிக்கு நான் பயப்படணுமா?

ரேச்சல்: அவங்க நம்மளத் திரும்பியே பாக்கல, கவனிச்சீங்களா... இது கவரிங் இல்லீங்க, என் கம்மல்தான், கட்சிக்காரங்க மீட்டுக் குடுத்தது. நானும் பூட்டு சாவிக்குப் போடல.