பொண்ணோட பையிலிருந்து எடுத்த புத்தகம்

"வானத்துக்கு முடிவு கீதான்னு தெரிஞ்சிக்காம எப்படிடி வேலைக்குப் போறது?"

காலை ரயிலில், திருமுல்லைவாயிலில் ஏறி என் எதிரே உட்கார்ந்த அக்கா தன் தோழியிடம் கேட்டார். கையில் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம் ஒன்று பாதியில் விரிந்திருந்தது. இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏதுக்கா புக்கு?"

"எம் பொண்ணோடது. ஸ்கூல் லைப்ரரில எடுத்தாந்துச்சு. அது தூங்கிக்கினு இருக்கும்போது பையிலேந்து எடுத்துக்கினு வந்துட்டேன்."

"சொல்லாமயா?"

"சொன்னா குடுக்காதுடி."

போன் அடித்தது. மகள்தான்; ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"அம்மா, என் புக்கைப் பாத்தியா?"

"என்கிட்டதான் கீது. கோச்சுக்காத. சாயங்காலம் எடுத்தாறேன்."

"நீயா படிக்கிற?" என்றாள் மகள்.

"ஆமா."

"சரி, படி. ஆனா நாப்பதாம் பக்கத்தத் தாண்டாத. அதுக்கு மேல நானே இன்னும் படிக்கல. சேந்து படிக்கலாம்."

"சரிம்மா" என்று அக்கா போனை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

தோழி புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "இது எண்பத்தாறுக்கா."

"வாய மூடிக்கினு வா" என்றார் அக்கா.