கிரைண்டர் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, குடியிருப்போர் சங்கத் தலைவர் தங்கராஜ் அவர்களே, முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் ஷெர்வினின் மனைவி, சகோதரி ரெனிதா அவர்களே, ஆலைக் காலனிப் பெருமக்களே! உங்கள் ஷெர்வினோடு சேர்ந்து அந்த வீட்டை அமைத்த பூந்தமல்லி கலீல் ரகுமான் பேசுகிறேன்.

கண்காட்சி வடிவமைப்பாளர் ஷெர்வின் தேவராஜ்! இந்தத் திருமுல்லைவாயில் காலனியில் பூட்டிக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸுக்குள் நீங்கள் வாழும் வாழ்க்கையை அப்படியே கொண்டுவந்து வைத்தாரே, அவர் எங்கே? அங்கே குக்கர் விசில் அடிக்கும். கொடியில் ஈரத்துணி தொங்கும். பார்க்க வருகிறவர்கள் ஃபேன் போடலாம், மாவும் அரைக்கலாம். எதுவும் டம்மியாக இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். வெறுங்காலோடுதான் நுழைய வேண்டும் என்பது இன்னொரு பிடிவாதம். ஷூவோடு ஏறிய என்னை மறித்து, "உன் ஊட்ல இப்டித்தான் போவியா மச்சான்?" என்று விரட்டினார்.

இந்தத் தெரு ஆக்னஸ் அக்கா தன் பழைய கிரைண்டரைக் கொடுத்தார். "கை வெச்சா சுர்ருங்கும்பா. நான் செருப்பு போட்டுகினுதான் மாவாட்டுவேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். "அந்தச் செருப்பையும் குடுக்கா, அதான் ஊடு" என்று ஷெர்வின் கேட்டு வாங்கி, கிரைண்டர் பக்கத்தில் வைத்தார். காட்சிப்பொருள் ஆயிற்றே, அதை யார் காலில் போடுவார்கள்?

திறப்பு விழாவுக்கு முதல் நாள். ஷெர்வின் தரையைக் கழுவிவிட்டு, ஈரக்காலோடு கிரைண்டரைப் போட்டார். அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்தார்; பிறகு எழவே இல்லை.

கிரைண்டர் பழசு, அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியே அந்த வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில்? இல்லை. இந்தத் தெருவிலேயே இல்லை! பெருமக்களே, நாங்கள் அமைத்தது அச்சு அசலாக உங்கள் வீடு! இந்தக் கூட்டம் முடிந்ததும் நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள்?

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. ஷெர்வினின் வீட்டைத் திறப்போம், ரெனிதாவின் கையால் திறப்போம். ஆனால் இந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கும் எர்த் கம்பி இறங்கிய பிறகே திறப்போம். அதுவரை ஆலை நிர்வாகத்தின் வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டோம். இது ஷெர்வின் மேல் ஆணை!

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். சற்று முன் ஆக்னஸ் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "புது கிரைண்டரும் சுர்ருனுதான் கீது கலீலு. அந்தச் செருப்பக் குடுத்துட்றியா?"

அக்கா, செருப்பைத் தருகிறேன். இன்றைக்கு மாவு ஆட்டாதீர்கள்.