ஓடைக்காக வழக்காடிய ஜானகியம்மாள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பஞ்சாயத்துத் தலைவர் குப்பண்ணன் அவர்களே, சித்தூர் வக்கீல் சங்கத்திலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர்களே, எருத்தேன்பதி விவசாயப் பெருமக்களே, சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

நம்முடைய வக்கீலம்மா, கல்பாத்தி ஜானகியம்மாள் அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அவரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஓடை வழக்கில் அவருக்கு எதிராக நின்ற வக்கீல் இந்த ஆறுமுகசாமிதானே? ஆமாம், நானேதான்! எதிரில் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த அம்மாளின் முழு உயரமும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழில் நடந்தது. தெற்கு மலைச்சரிவில் ஒரு கான்ட்ராக்டர் காட்டை வெட்டிக் கொண்டிருந்தார். மழை குறைந்து, ஓடை மெலிந்து, இங்கே கடலைப் பயிர் காய்ந்தது. குப்பண்ணன் வழக்குப் போட்டார். வாதாட வந்தவர் ஜானகியம்மாள்.

தனியார் காடுகள் சர்க்காருக்குச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, காட்டுக்குச் சொந்தக்காரராயிருந்த பழைய ஜென்மி கொடுத்த அனுமதி செல்லாது என்றார். அதோடு நிற்கவில்லை. காட்டைக் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தில் அப்போதுதான் சேர்த்திருந்த பிரிவையும் எடுத்து வைத்தார்.

கான்ட்ராக்டருக்காக நான் எழுந்தேன். "அது வெறும் வழிகாட்டும் நெறி, கோர்ட்டில் செல்லாது" என்றேன்.

"வழி தெரியாத நேரத்தில் பார்க்கத்தானே வழிகாட்டி?" என்றார் அம்மாள்.

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்வது!

"மழை பெய்யாததற்குக் கோர்ட் என்னம்மா செய்யும்?" என்று கேட்டார் முன்சீப்.

"மழைக்குச் சம்மன் அனுப்பச் சொல்லவில்லை. மழையைப் பிடித்து வைக்கிற காட்டை வெட்டுகிறாரே, அவரைத் தடுக்கச் சொல்கிறேன். இன்றைக்கு ஓடை வற்றுகிறது. காடு முழுக்கப் போனால் வெயிலும் மழையும் பழைய கணக்கில் வராது. அப்புறம் எந்தக் கோர்ட்டில் போய் நிற்போம்? ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள்."

முன்சீப் வந்தார். எல்லோரும் மலையேறினோம். சேற்றில் எனக்குக் கால் வழுக்கியது. கை நீட்டிப் பிடித்தது யார்? எதிர்க்கட்சி வக்கீல்!

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ. நீங்க விழுந்தா கேஸ் வாய்தாவாப் போயிடும்!"

மேலே போனோம். மரம் நின்ற பக்கம் மண் குளிர்ந்து கிடந்தது, பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. வெட்டிய பக்கம் மண் வெடித்துக் கிடந்தது. முன்சீப் குனிந்து இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். தடை உத்தரவு வந்தது, பின்னால் தீர்ப்பும் வந்தது.

எருத்தேன்பதி வெடி போட்டுக் கொண்டாடியது. ஆனால் கோர்ட் வாசலில் ஒரு பெண் அம்மாளை வழிமறித்தாள். மரம் வெட்டும் கூலிக்காரி செல்லாத்தாள்.

"ஏனுங்கம்மா, ஓடைக்குத் தண்ணி உட்டீங்க, செரி. எங்கூட்டு அடுப்புல தண்ணிய ஊத்திப்போட்டீங்களே! புள்ளைகளுக்கு நா என்னத்தப் போடறதுங்க?"

சுற்றி நின்றவர்கள் அவளை அதட்டினார்கள். அம்மாள் அவர்களைத்தான் அதட்டினார். என் பக்கம் திரும்பி, "கேஸ் ஜெயிச்சாச்சு, ஆறுமுகசாமி. இவ தோத்துட்டா அது என்ன ஜெயிப்பு?" என்றார்.

ஜெயித்த வழக்கை அத்தோடு மறந்துவிடுகிற வக்கீல்கள்தான் நாங்கள் எல்லோரும். அந்த அம்மாள் மறந்தாரா? பாலக்காடு வன அலுவலகத்துப் படியை ஏறி ஏறித் தேய்த்தார். வெட்டிய சரிவில் மறுபடி மரம் நட வேண்டும், நடும் வேலையை வெட்டியவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கு அதற்காகப் போட்ட நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வது செல்லாத்தாள். சரிவில் நட்ட கன்றுகள் அவள் இடுப்புக்கு வளர்ந்திருக்கின்றன.

இந்தப் பெயர்தான் மலை தாண்டிச் சின்னக்கானல் வரை போயிற்று. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சோலைக்காட்டை அழிக்கிறார்கள், குடிதண்ணீர் ஊற்று நின்றுபோகிறது. கொழுந்து பறிக்கும் அழகுத்தாய் வந்து கேட்டதும், உடம்பு முடியாத நிலையிலும் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் ஏறித் தேவிகுளம் கோர்ட்டுக்குப் போனார் அம்மாள். போன மாதம் அங்கிருந்து திரும்பியவர் மார்வலி என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை.

சற்று முன்னால் இந்த மேடைக்குப் பின்னால் அழகுத்தாய் என்னிடம் கேட்டாள்: "அம்மா போயிட்டாகளே, எங்க கேசு அம்புட்டுத்தானா?"

உங்கள் எல்லோர் முன்னாலும் அவளுக்குப் பதில் சொல்கிறேன். அம்மாள் நடத்திய அந்த வழக்கை நான் நடத்துகிறேன். எனக்கு அவருடைய வாய்ச் சாதுர்யம் கிடையாது. பஸ் ஏறத் தெம்பு இருக்கிறது. நீங்களும் வாருங்கள். அடுத்த வாய்தாவில் டவாலிச் சேவகன் வெளியே வந்து, "வாதி தரப்பு யார்?" என்று கூப்பிடும்போது, தேவிகுளம் கோர்ட் வராந்தாவில் நாம் அத்தனை பேரும் எழுந்து நிற்போம்.