எடையைக் கேட்காமல் காற்று வைத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் மலைச் சைக்கிள் சங்கத் தலைவரும் பல் மருத்துவருமான ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, லிஃப்ட் கம்பெனியிலிருந்து வேலை முடித்த கையோடு சீருடையில் வந்திருக்கும், மறைந்த நம் அரை அண்ணாவின் தோழர்களே, சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சங்கத்து உறவுகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, பத்தாம் வகுப்பு படிக்கும் நான் ஏன் பேச வந்தேன்? பேச வேண்டிய இரண்டு பேர் நேற்று ஒத்திகை பார்த்தார்கள். இருவரும் முதல் வரியைத் தாண்டவில்லை. அதோடு, சங்கத்தின் குறிப்பேட்டை மூன்று வருடமாக எழுதி வருபவள் நான். அவர் செய்ததெல்லாம் தேதியோடு என்னிடம் இருக்கிறது.

அவர் யார்? லிஃப்ட் மெக்கானிக். அண்ணிக்குக் கணவர். நமக்கு அரை அண்ணா. என் அம்மாவுக்கும் அவர் அண்ணா, எனக்கும் அண்ணா. முறை பார்த்தால் எங்கேயோ இடிக்கும், யாரும் பார்த்ததில்லை. 'அரை' எப்படி வந்தது? டயரில் காற்று வைத்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி, திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து, "இன்னும் அரை குறைக்கலாம்" என்பார். அரை என்றால் அளவுமானியில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம். அதற்காக ஒரு மனிதர் காலை ஆறு மணிக்கு மண்ணில் மண்டியிடுவாரா? இவர் மண்டியிட்டார்!

லிஃப்ட் கம்பெனி தோழர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் சக்கரங்களுக்குள் ட்யூப் கிடையாது. டயரும் ரிம்மும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கும். சின்ன ஓட்டை விழுந்தால் அடைத்துக்கொள்ள உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருப்போம். காற்று அதிகமானால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும், பிடிமானம் போகும். குறைந்தால் கல் நேராக ரிம்மில் இடிக்கும், டயரின் கவ்வல் விட்டுப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. அது முக்கியமாக ஓட்டுபவரின் எடையைப் பொறுத்தது. பின்சக்கரத்தில் பாரம் அதிகம் என்பதால் அதற்கு அளவுமானியில் இரண்டு கோடு கூட.

இதை நான் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு ஒருநாள் அவரிடம் போய், அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை என்று ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா, அந்தப் பரப்பு இன்னிக்கு ஈரமா இருக்கே, அதுக்கு என்ன போட்டிருக்கு?" என்றார். போட்டிருக்கவில்லை. ஈரத்துக்கு ஒன்று குறை என்று நானே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த நாட்களில் நம் வழக்கம் என்ன? மலையடிவாரத்தில் வரிசையாக நின்று ஒவ்வொருவரும் தங்கள் எடையைச் சொல்ல வேண்டும். நான் எழுதுவேன். அவர் அதற்கேற்பக் காற்று வைப்பார். வரிசையில் நின்ற எத்தனை பேர் உண்மை சொன்னீர்கள்? தலைவர் ஐயாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவர் எழுபத்திரண்டு என்பார். அது அவருடைய கல்யாணப் புகைப்படத்தின் எடை.

என் சித்தியும் பொய் சொன்னாள். அவள் தையல்காரி, இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், சொல்லச் சொன்னதே அவள்தான். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்தான் உயிர். "வாரத்துல ஆறு நாள் ஒரே இடத்துல உக்காந்து மிதிக்கிறேன். ஒரு நாளாவது மிதிச்சா நகரணும்டீ" என்பாள். எண்பத்து நான்கு கிலோ இருந்தவள் அறுபத்திரண்டு என்றாள். அருகில் பேனாவோடு நின்ற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொன்னதைத்தான் எழுதினேன்.

அறுபத்திரண்டுக்கான காற்றோடு அவள் 'பல்வரிசை'யில் இறங்கினாள். பற்களைப் போலக் கற்கள் துருத்தி நிற்கும் அந்தச் சரிவு நம் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது கல்லில் பின்சக்கரத்து ரிம் இடித்தது. டயர் கவ்வலை விட்டது. உள்ளே இருந்த வெள்ளைத் திரவம் அவள் முகம் முழுக்க அடித்தது. முழங்கை சிராய்ந்து எழுந்து நின்றவளைப் பார்த்து நம் சங்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் கேட்டார்: "அக்கா, நிஜமாவே அறுபத்திரண்டுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அரை அண்ணா மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தி வரவில்லை. சைக்கிளைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டாள். தைத்து முடித்த சட்டைகள் அதன் கைப்பிடியில் தொங்கின. கூப்பிடப் போன அம்மாவிடம், வேலை நிறைய இருக்கிறது என்றாள். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது எல்லோருக்கும் ஒரே கவலை.

ஒரு மாலை நான் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது அரை அண்ணா வந்தார். தப்பு தன்னுடையது என்றார். காற்றைத் தவறாக வைத்தீர்களா என்று சித்தி கேட்டாள். இல்லை, எடையைக் கேட்டதுதான் தப்பு என்றார்.

"இருபது வருஷமா லிஃப்ட் பாக்குறேன். எந்த லிஃப்டும் நீ எவ்வளவுன்னு யாரையும் கேட்டதில்லம்மா. ஏறினா தூக்கும்."

சித்தி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதிகமானா மணி அடிக்குமே?"

அவர், "மணியைக் கழட்டிடறேன்" என்றார்.

நண்பர்களே, சொன்னதைச் செய்தார்! வீட்டிலிருந்த எடை பார்க்கும் கருவியைத் திறந்து, கிலோ எண்கள் இருந்த வட்டத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வெள்ளை அட்டை. அதில் கிலோவே கிடையாது; முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு, அவ்வளவுதான். அந்த எண்களைச் சும்மாவா எழுதினார்? அவருடைய எடை ஐம்பத்தெட்டு. மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அறுபதாக ஓட்டினார், எழுபதாக ஓட்டினார். ஒவ்வொரு எடைக்கும் அதே சரிவில், அதே அளவுமானியோடு, ரிம் கல்லைத் தொடும்வரை சுற்றுக்கு அரையாகக் குறைத்தார். தொட்டதும் ஒன்று கூட்டினார். எண்பதில் இரண்டு முறை விழுந்தார். மூட்டை அவர்மேல் விழுந்தது, குறித்திருக்கிறேன். அதற்கு மேல் மூட்டையால் முடியாது என்று அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் பல் மருத்துவர் ஐயா தனியாக வந்து, "எண்பத்தொன்பது. என்னை வெச்சுப் பாருங்க, வெளிய மட்டும் வேணாம்" என்றார். தலைவரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உங்களுக்கு இந்தப் பதவி தகும்!

அவர் கடைக்கு வந்துபோன பிறகு மூன்றாவது ஞாயிறு சித்தி வந்தாள். நான்தான் கெஞ்சி அழைத்து வந்தேன். வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஜெராக்ஸ் கடை அண்ணன் ஏறினார். முள் கீழேயே நின்றுவிட்டது: பதினெட்டு, இருபது. ஒல்லியாக இருக்கும் அவர் இத்தனை நாளும் எழுபத்தைந்து என்று சொல்லி, நான்கு கூடுதலாகக் காற்று வைத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்! பொய்யில் மேலே போகும் பொய்யும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இறங்கி, சித்தியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கக்கா" என்றார்.

சித்தி ஏறினாள். இருபத்து நான்கு, இருபத்தாறு. மணி அடிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரை அண்ணா காற்று வைத்தார். ஒரு சுற்று போய் வந்தவளை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பின்னால் கட்டை மாதிரி இருக்கிறது என்றாள். அரை குறைத்தார்.

அவள் பல்வரிசையில் இறங்கினாள். முதல் கல், இரண்டாவது கல், மூன்றாவது கல். கால் தரையில் படவில்லை. கீழே போய் நின்று, மூச்சு வாங்கி, எங்களைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு தடவை போலாமா?" அன்று அவள் ஐந்து தடவை போனாள். எண்ணியிருக்கிறேன். சட்டைகளுக்குச் சுவரில் தனியாக ஆணி அடித்துக்கொண்டாள்.

அப்போது நாம் ஒன்பது பேர். இன்று முப்பத்தொன்று. நான் வரமாட்டேன், என் உடம்புக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் இருந்தவர்கள்தான் பாதிப் பேர். இதைவிட ஒரு மனிதரைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்?

போன மாதம், வேலையிலிருந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் இதயம் நின்றது. அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு நாம் யாரும் மலைக்குப் போகவில்லை. அந்தக் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மரியாதை செய்யலாம் என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். கூடாது! ஏறி நிற்க முடியாத இடத்தில் அதற்கு என்ன மரியாதை? அட்டை நைந்துவிட்டது உண்மைதான். சித்தி இஞ்ச் டேப்பும் சுண்ணக்கட்டியும் வைத்துக் கோடு பிசகாமல் புது அட்டை செய்துவிட்டாள். எண்களை நான் எழுதினேன். இனி அந்த இடத்தில் மண்டியிட்டுக் காற்று வைக்கப்போவது அவள்தான். யாருடைய எடையையும் கேட்கமாட்டோம் என்று நாங்கள் இருவரும் இந்தச் சபையில் உறுதி சொல்கிறோம்.

கடைசியாக ஒன்று. பதினொரு வருடம் அண்ணி அடிவாரத்தில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாளும் சைக்கிளைத் தொட்டதில்லை. முந்தாநாள் சித்தி கடைக்கு வந்தார்கள். அளவு கொடுக்க என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வயசுல ஓட்டக் கத்துக்க முடியுமா?" என்று கேட்டார்கள். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று சித்தி கேட்டாள். "எல்லாரும் பாக்க வரிசையில நிக்கணுமே" என்றார்கள்.

சித்தி கருவியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அண்ணி ஏறியதும் முள் நின்ற இடத்தை மட்டும் பார்த்தாள். முன்னால் இருபத்திரண்டு, பின்னால் இருபத்து நான்கு. கற்றுக்கொள்ளும்வரை சமதரைதான், ஆனால் அரை அண்ணாவின் சைக்கிளில் காற்று வைத்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அண்ணி வரிசையில் நிற்பார்கள். நீங்களும் வாருங்கள்.