பதின்மூன்றாவது பெட்டி

எனக்குத் தூசி மட்டும் ஆகவே ஆகாது, ஐயா. உங்கள் மேஜை விளிம்பைத் துடைத்து எத்தனை நாளாயிற்று? கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருடம் அருங்காட்சியகத்தில் குப்பை கொட்டியவள் நான், கண் தானாக அங்கே போய்விடுகிறது.

எங்கள் ஊர் அருங்காட்சியகம் சின்னதுதான். அந்தக் காலக் கோசாக் குதிரைப்படைத் தளபதி ஒருவரின் வெள்ளிப்பிடி வாள் அங்கே பேர்போனது. அசல் வாள் நிலவறையில் பூட்டிக் கிடக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது என் கையால் செய்த நகல். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை, பாதுகாப்பு என்றார்கள். நகல் எதுவானாலும் அதன் அடியில் சின்ன எழுத்தில் 'நகல்' என்று எழுத வேண்டும், அது விதி. ஒருமுறைகூட நான் தவறியதில்லை.

போர் வந்தது, அருங்காட்சியகத்தின் கூரை போனது, என்னை ராணுவக் கிடங்குக்கு மாற்றினார்கள். உக்ரைன் எதன்மேல் நிற்கிறது என்று அங்கே போனபிறகுதான் புரிந்தது. பூட்ஸ் ஒரு நாட்டுடையது, குண்டு இன்னொரு நாட்டுடையது, காயக்கட்டு வேறொரு நாட்டுடையது. பீன்ஸ் டின்னில்கூட எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. சுடுகிறவனும் சாகிறவனும் மட்டும் உள்ளூர். கொடுக்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கொடுத்தது எங்கே என்று நேரில் வந்து பார்ப்பார்கள். பக்கத்து மாவட்டக் கிடங்கில் இரண்டு பெட்டி காணவில்லை என்று நாலு மாதம் அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. பீரங்கிக்காரர்கள் ஒரு நாளைக்கு இரண்டு குண்டு என்று ரேஷன் போட்டுச் சுட்டார்கள். அங்கே எத்தனை பேர் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் அலமாரியில் பன்னிரண்டு ஜாமர்கள் இருந்தன. வண்டிக் கூரையில் மாட்டினால், மேலே வருகிற ட்ரோனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். ஒரு பச்சை விளக்கு, உள்ளே ஒரு விசிறி, மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கணக்குப் பார்க்க அந்த வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதாகத் தகவல். திங்கட்கிழமை லுக்கியான் வந்து நிற்கிறான், கமாண்டர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு. ஆம்புலன்ஸுக்கு ஒன்று வேண்டுமாம்.

லுக்கியான் எங்கள் தெருக்காரன். காயம்பட்டவர்களை ஏற்றிவருகிற வண்டி அவனுடையது. வாய் ஓயாது அவனுக்கு.

"என்ன ராயிசாக்கா, பன்னெண்டையும் வரிசையா அடுக்கி வச்சிருக்க? பொண்ணுக்குச் சீரா?"

"தொடாதடா. கையெல்லாம் க்ரீஸு."

"தொடலம்மா தாயே. ஒண்ணே ஒண்ணு குடு. தோப்பு வழியா ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுதுக்கா. பாதிப் பேரு வழியிலயே போயிடுறாங்க. இது இருந்தா நேர் ரோட்டுல இருபதே நிமிஷம்."

"நாளைக்கு வா. சோதிச்சுப் பாத்துத் தரேன்."

"நீ எப்போ இன்ஜினியர் ஆன? சரி சரி, முறைக்காத. அப்படியே செர்ரி வச்ச வாரெனிக்கிக் கொழுக்கட்டையும் கொஞ்சம் வேக வச்சு வை."

சீட்டை விருந்தாளிகளிடம் காட்டினால் போதாதா என்கிறீர்கள். அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்தால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும், மீதிப் பதினொன்று தெரியாது. இது அருங்காட்சியகத்தில் கற்ற பாடம். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நேரே கமாண்டரிடம் போவான். அவருக்கு இளகிய மனசு, பன்னிரண்டையும் அள்ளிக் கொடுத்துவிடுவார்.

மழையில் நனைந்து கெட்டுப்போன ஜாமர் ஒன்று மூலையில் கிடந்தது. குடலையெல்லாம் உருவி வெறும் கூடாக வைத்திருந்தார்கள். அதற்குள் பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றும் பச்சை பல்பு ஒன்றும் பொருத்தினேன். கீறல்களுக்கு வண்ணம் பூசினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அசலோடு சேர்த்து வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. இரைச்சல்கூட அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை லுக்கியான் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டான். வாரெனிக்கியையும் விடவில்லை.

"நீ தெய்வம்க்கா. இனிமே அந்தத் தோப்புப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"பாத்துப் போ," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம், நேர் ரோட்டில், ஒரே ட்ரோன். வண்டிக்குள் அவனோடு மூன்று பேர் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். ஓர் அம்மா ஜாமர்மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார், துளி தூசி இல்லை. இவ்வளவு ஒழுங்கான கிடங்கை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களை வழியனுப்பத் தெருவுக்கு வந்தபோது லுக்கியானின் சவப்பெட்டி எதிரே வந்தது. தெருவில் இருந்த எல்லோரும் முழங்காலிட்டோம், எங்கள் வழக்கம் அது. அந்த அம்மாவும் நல்ல கோட்டோடு சேற்றில் முழங்காலிட்டார். யார் என்று கேட்டார். ஒரு டிரைவர் என்றேன். ஆறு வாரத்தில் நாற்பது ஜாமர்கள் வந்து இறங்கின. நாற்பது. அந்த நாலு பேருக்கும் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

நீங்கள் என்னை எப்படிப் பிடித்தீர்கள் என்றும் தெரியும். வண்டி எரிந்து கருகியும் அந்தப் பெட்டியின் அடித்தகடு மட்டும் தப்பியிருக்கிறது. அதில் என் கையெழுத்தில் 'நகல்'. பழக்கதோஷம். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் யாரையும் ஏமாற்றவில்லை. எழுதித்தான் கொடுத்தேன். அவன் திருப்பிப் பார்க்கவில்லை.

சரி, எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?

அந்த நாற்பதா? அப்படியே இருக்கின்றன, அலமாரியில் பளபளவென்று. அடுத்த குழு பனி உருகியதும் வருகிறது, அதுவரை ஒன்றும் குறையக்கூடாது பாருங்கள். அதனால்தான் லுக்கியான் இடத்துக்கு வந்த நசார் போன வாரம் சீட்டோடு வந்து நின்றபோது இன்னொன்று செய்யவேண்டியதாயிற்று. நல்ல பையன், நன்றி சொல்லிவிட்டுப் போனான். இந்நேரம் நேர் ரோட்டில்தான் வந்துகொண்டிருப்பான். அதன் அடியிலும் எழுதியிருக்கிறேன், ஐயா.