பாதி விலைக்குப் பாதிக் கண்ணாடி

கொச்சிக்கடையில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் அமர்ந்தார்கள். இளையவரின் மடியில் ஒரு வாளியும் கண்ணாடி துடைக்கும் ரப்பர் கட்டையும் இருந்தன.

"என்ர வேலை எப்பிடியெண்டு அந்த ஐயாவின்ர நெத்தியைக் கேளுங்கோ அக்கா," என்றார் அவர்.

மூத்தவர் திரும்பினார். "நெத்தியையோ?"

"ஓம். வெள்ளவத்தையில கடல் பக்க ஃப்ளாட். பல்கனிக் கதவில ரெண்டு பெரிய கண்ணாடி, உப்புக்காத்துப் பட்டு வெள்ளையாப் போயிருந்தது. விலை சொன்னன். 'தண்ணியும் துணியும்தானே, பாதி தாறன்' எண்டார். சரியெண்டு ஒரு கண்ணாடியை மட்டும் துடைச்சிட்டு வாளியைத் தூக்கினன்."

"கோவிச்சிருப்பாரே?"

"அந்தக் கோவத்திலதான் பல்கனிக்குப் போக வெளிக்கிட்டார். துடைச்ச பக்கம் திறந்திருக்கெண்டு நினைச்சு, நேராப் போய்க் கண்ணாடியில நெத்தியை அடிச்சுக்கொண்டார்."

மூத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, நொந்ததோ?"

"சின்ன வீக்கம். ஐஸை வைச்சுக்கொண்டே, 'மற்றதையும் செய் பிள்ளை, நீ கேட்டதையே தாறன்' எண்டார். நான் முடிச்சிட்டுத் தள்ளி நிண்டா, அவற்ற மனுசி 'இஞ்சேருங்கோ, எங்கட வீட்டில இருந்து கப்பல் தெரியுது' எண்டு கத்துறா."

"பிறகு?"

"மனுசி ரெண்டு கதிரையைக் கண்ணாடிக்குக் கிட்ட இழுத்துப் போட்டா. ஐயா ஒண்டில இருக்கப் போனார். 'அது அவவுக்கு' எண்டு சொல்லி, என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தா."