முதல் பக்கத்தில் ஒரு பச்சைக் கதவு

"ஹலோ… பாப்பா, நான்தான், அக்கா. பேசலாமா? பக்கத்துல யாரும் இல்லையே?… மாப்பிள்ளை குளிக்கிறாரா? நல்லதாப் போச்சு. தண்ணிச் சத்தம் கேக்குதுல்ல? ஒரு காத அங்கயே வச்சுக்க. இன்னொரு காதுல ஹெட்போன மாட்டு… ஆமா, ஆமா, முதல்ல மாட்டு."

அக்கா சோதனை அறையை விட்டு வெளியே வந்து மாடிப்படி ஓரமாக நின்றிருந்தாள். போனோடு சேர்ந்தே வருகிற பிரவுசரை நோண்டி நோண்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்று ஒரு குறையைக் கண்டுபிடித்த கையோடு தங்கைக்குப் போன் போட்டிருந்தாள்.

"மாட்டிட்டியா?… உன் போன்ல அந்த பிரவுசரத் திற. ப்ரைவேட் விண்டோவுல தேடு, பாத்தது எதுவும் பதியாது, ஒரு ஈ காக்காக்குத் தெரியாதுன்னு நான் சொன்னேன்ல?… அதேதான். அடி தாங்காம வர்ற பொண்ணுங்களுக்கு இடம் குடுக்கிற அந்த விடுதி… தினமும் பாத்தியா?… சரி, சரி, உன்னத் திட்டலடி. முதல் பக்கத்துல, அடிக்கடி பாக்கறதெல்லாம் சின்னச் சின்னப் படமா வருதா? ஒண்ணொண்ணா சொல்லு… மழை வருமாங்கிறது… ம்… கரண்டு பில்லு… ம்… பச்சைக் கதவா?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த விடுதியின் வாசல் கதவு பச்சை என்று அவளுக்குத் தெரியும். முகவரியைக் கொடுத்ததே அவள்தான்.

"ஐயோ… இல்ல பாப்பா, நீ ஒண்ணும் தப்பு பண்ணல. தப்பு என்னோடது. நாங்க ஒவ்வொரு தடவையும் போன சுத்தமா அழிச்சுட்டுதான் சோதிப்போம். அது எங்க வழக்கம். அழிச்ச போன்ல மறுநாள் என்ன மிஞ்சும்?… ஒண்ணும் மிஞ்சாது. நானும் எல்லாம் சரின்னு போட்டுட்டேன். நேத்து ஒரு போன அழிக்க மறந்துட்டேன்டி. இன்னைக்குத் திறந்தா, ப்ரைவேட்ல பாத்ததெல்லாம் முதல் பக்கத்துல வந்து உக்காந்திருக்கு. வேலியே பயிர மேய்ஞ்ச கதை…

அழுத்திப் பிடி. எடுத்துடவான்னு கேக்கும்… போச்சா?… திரும்ப வருதா? சரி, விடு, நோண்டாத. அவர் உன் போன எடுத்தாரா?… நேத்தா? எதுக்கு?… மேட்ச் ஸ்கோரு பாக்கவா? அந்த பிரவுசர்லயா?… ஒண்ணும் கேக்கலையா? சத்தம் போடலையா?… சிரிச்சாரா? பாப்பா, அந்த மனுஷன் சிரிச்சா எனக்கு பயமா இருக்கும்மா… என்னது? பூட்டா? என்ன பூட்டு?… காலையில கடைக்குப் போனதே அதுக்குத்தானா? எந்தக் கதவுக்குன்னு கேட்டியா?… கேக்கல. சரி."

அவள் குரல் தானாகவே தாழ்ந்தது.

"நாளைக்குக் கிளம்பறதெல்லாம் இல்ல. இப்பவே. செருப்ப மாட்டு, போன அங்கயே போட்டுட்டுப் போ… ஆமா, போட்டுட்டுத்தான், அத வச்சே தேடி வந்துடுவார். துணி எதுக்குடி? உசுரு இருந்தா துணி வாங்கிக்கலாம். தெருமுனை மருந்துக்கடையில ஆள் நடமாட்டம் இருக்கும், அங்க போய் நில்லு. நான் வந்துடறேன்… அழாத. அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. தண்ணிச் சத்தம் கேக்குதுல்ல?… பாப்பா? கேக்குதா?…

எப்ப நின்னுச்சு?…

என்ன, சாப்டேன்கிற?… சரி. சரிடா. புரியுது. பக்கத்துல நிக்கிறாரா? நிக்கிறார்னா 'சரிக்கா'ன்னு மட்டும் சொல்லு…"

பாப்பாவின் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்த மாதிரி ஒரு கரகரப்பு. இல்லாத சிரிப்பை அக்கா வரவழைத்துக்கொண்டாள். கால்கள் அதற்குள் படியிறங்க ஆரம்பித்திருந்தன.

"மாப்பிள்ளையா? நல்லா இருக்கீங்களா?… சும்மாதாங்க, பேசி ரொம்ப நாளாச்சேன்னு… ஆமாங்க, அந்த பிரவுசர்தான். நான்தான் சோதிச்சுப் பாத்தது… அப்படிங்களா… நல்லா வேலை செய்யுதுங்களா… தேடாமலே எடுத்துக் காட்டுதுங்களா…"

கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் அவகிட்ட குடுங்க… ஒரே ஒரு வார்த்தை… என்ன சத்தம் அது? பாப்பா ஏன் கத்தறா?… மாப்பிள்ளை, அந்தப் பூட்ட எந்தக் கதவுல போடறீங்க?… மாப்பிள்ளை!… ஹலோ… ஹலோ…"